பெரியத்தையை வெட்டியது யார்?

கேள்வி: போன மாதம் எங்கள் தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடந்தது. கோயில் வாசலில் மொத்தக் குடும்பமும் நிற்க, நண்பனிடம் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் நான்தான் குரூப் போட்டோ எடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லோரும் இருக்கிறார்கள். வீட்டுப் பரணில் 12×15 அளவில் ஒரு பழைய தேக்குச் சட்டம் கிடந்தது. அதில் மாட்டலாம் என்று அதே அளவில் பிரின்ட் போட்டேன். வந்த பிரின்டில் இடது ஓரத்தில் நின்ற பெரியத்தைக்குப் பாதி முகம் இல்லை. வலது ஓரத்தில் சித்தப்பாவுக்கும் அதே கதி. லேபில் கேட்டால் "சைஸுக்கு அப்படித்தான் கட் ஆகும்" என்கிறார்கள். "எடுக்கத் தெரியாதவன் கையில கேமராவைக் கொடுத்தா இப்படித்தான்" என்று அப்பா திட்டுகிறார். பெரியத்தை என்னோடு பேசுவதே இல்லை. தப்பு யாருடையது? மெகாபிக்சல் அதிகமுள்ள கேமரா வாங்கினால் சரியாகுமா? இரண்டு மாதத்தில் அக்காவுக்கு வளைகாப்பு. அதையும் நான்தான் எடுக்க வேண்டுமாம்.
(கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். நான் வெட்டியது மாப்பிள்ளையின் தாத்தாவை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, தாத்தாவும் பாட்டியும் நடுவில். கண்ணை மூடியிருப்பது கீழ் வரிசையில் ஒரு குழந்தை மட்டும். முதல் முறை குரூப் எடுத்தவருக்கு இது நல்ல மார்க். எடுத்ததில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் இதுதான்: உங்கள் கேமரா பார்க்கிற செவ்வகம் ஒரு வடிவம், பரணில் கிடந்த சட்டம் வேறொரு வடிவம். நீளமான பாயைச் சதுரமான அறையில் விரிக்கப் போனால் ஒரு பக்கம் மடங்கத்தானே செய்யும்? லேபில் பாயை மடிக்க முடியாது, கத்தரிக்கோல் வைத்துவிடுகிறார்கள்.

அப்பாவை உட்கார வைத்து இதைச் செய்து காட்டுங்கள். பழைய மாத காலண்டர் தாள் ஒன்றை 18 அங்குல நீளம், 12 அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். அதுதான் உங்கள் கேமரா எடுத்த படத்தின் வடிவம். ஃபைல் 6000 பிக்சலுக்கு 4000 இருக்கிறது, அதாவது 3:2. தாளின் பின்பக்க வெள்ளையில், உங்கள் படத்தில் பின்வரிசையில் நிற்கிற ஒன்பது பேரையும் குச்சி மனிதர்களாக வரையுங்கள். உங்கள் படத்தை இந்த அளவுக்குப் பெரிதாக்கினால் இரண்டு ஓரத்திலும் அரை அங்குலம்தான் காலி இடம் மிஞ்சும். மீதி 17 அங்குலத்தில் ஒன்பது பேர், ஆளுக்கு ஏறக்குறைய 1.9 அங்குலம். இப்போது தேக்குச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் நடுவாக வையுங்கள். உயரம் 12க்கு 12, கச்சிதமாகப் பொருந்தும். நீளம் மட்டும் 15 தான். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் தாள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றரையில் அரை அங்குலம் காலி இடம். மிச்சம் ஓர் அங்குலம் பெரியத்தை. 1.9 அங்குலப் பெரியத்தையில் ஓர் அங்குலம் போனால் பாதிக்கு மேல் போயிற்று. மறுபக்கம் சித்தப்பாவுக்கும் இதே கணக்குதான்.

அப்பா அதைப் பார்த்தபின் திட்டுவதை நிறுத்துவார் என்று நினைக்கிறேன். நிறுத்தாவிட்டால் நான் பொறுப்பில்லை.

லேபைப் பற்றி ஒரு வார்த்தை. 3:2 படத்தை 12×15 பேப்பருக்குக் கொண்டுவர அவர்களுக்கு மூன்றே வழிதான் உண்டு. பேப்பரை முழுக்க நிரப்பி, மீறுவதை வெட்டுவது ஒன்று. படம் முழுவதையும் உள்ளே வைத்து, மேலும் கீழும் வெள்ளை விடுவது இன்னொன்று. மூன்றாவது, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அமுக்குவது. அதைச் செய்தால் உங்கள் சித்தப்பா ஒரே நாளில் இளைத்துப்போவார், தாத்தாவின் முகம் நீண்டு போகும். சில இடங்களில் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இந்த வேலை நடக்கிறது. அது நான் மன்னிக்காத குற்றம். உங்கள் லேப் முதல் வழியைப் பிடித்தது, பெரும்பாலும் எல்லோரும் பிடிப்பதும் அதுதான். ஆனால் ஓரத்தில் ஓர் ஆளின் முகம் பாதியாக நிற்பது பிரின்ட் போடுகிறவர் கண்ணில் படாமல் போகாது. ஒரு போன் போட்டு "தம்பி, ரெண்டு பேர் கட் ஆகுறாங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கலாம். தொழிலில் குறையில்லை, அக்கறையில் குறை. அவ்வளவுதான் நான் அவர்கள் மேல் வைக்கிற பழி.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? அதே ஃபைலை 12×18 அளவில் போடுங்கள். ஒரு நூல் பிசகாமல் முழுப் படமும் வரும். பெரும்பாலான லேபுகளில் 12 அங்குல அகல ரோல் பேப்பர்தான் ஓடும். 15ல் வெட்டுவதா 18ல் வெட்டுவதா என்பது கம்ப்யூட்டரில் சொல்வதைப் பொறுத்தது. இதற்குப் புதுச் சட்டம் செய்ய வேண்டியிருக்கும்.

தேக்குச் சட்டத்தை விட மனமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழி. 15 அங்குல நீளத்துக்கு 3:2 படம் வைத்தால் உயரம் 10 அங்குலம். அதாவது 12×15 பேப்பரில் 10×15 படம், மேலே ஓர் அங்குலம், கீழே ஓர் அங்குலம் வெள்ளை. பெரியத்தை முழுசாக வந்துவிடுவார். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். சட்டத்தின் உதடு கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிலும் கால் அங்குலமாவது மூடும். பெரியத்தைக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடம் பெரும்பாலும் அதில் மறைந்து, அவர் சட்டத்தில் இடிக்கிற மாதிரி நிற்பார், சண்டை மறுபடி தொடங்கும். ஆகவே இன்னும் கொஞ்சம் சிறிதாக்கி, 13½ அங்குல நீளம் 9 அங்குல உயரத்துக்குப் படத்தை வையுங்கள். அதுவும் 3:2 தான். பக்கவாட்டில் முக்கால் அங்குலம், மேலும் கீழும் ஒன்றரை அங்குலம், நான்கு பக்கமும் வெள்ளை. பழைய தேக்குக்கு அந்த வெள்ளை எடுப்பாக இருக்கும். ஃப்ரேம் கடையில் மவுண்ட் அட்டை வெட்டத் தெரிந்தவர் இருந்தால், பிரின்டை அந்த அளவுக்குப் போட்டு அட்டைக்குள் வைக்கச் சொல்லுங்கள், இன்னும் நன்றாக இருக்கும். சட்டத்தை அளக்கும்போது முன்பக்கம் அளக்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, கண்ணாடி உட்காருகிற பள்ளத்தை அளந்தால்தான் பேப்பர் அளவு தெரியும். முன்பக்கம் அளந்தால் கிடைப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவு. இரண்டும் வேண்டும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு ஆப்பில் போட்டு மேலேயும் கீழேயும் படத்தை நீட்டிவிடலாமே என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். நீட்டலாம். 18 அங்குல நீளப் படத்தை உங்கள் சட்டத்தின் வடிவமான 5:4 ஆக்க, உயரத்தில் 2.4 அங்குலம் புதிதாக வரைந்து சேர்க்க வேண்டும். உங்கள் படத்தின் மேல்பக்கம் கோபுரம். கோபுரத்துக்கு இல்லாத நிலை ஒன்று முளைக்கும், அதில் இல்லாத பொம்மைகள் நிற்கும். கடற்கரையில் எடுத்த படமாக இருந்தால் வானத்தை நீட்டிக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படத்தில் வேண்டாமே.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்று கேட்டால் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும். சினிமாவும் கண்ணாடித் தகடும் சம்பந்தி சண்டை போட்ட கதை.

முதலில் புகைப்படம் தகட்டில்தான் எடுக்கப்பட்டது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் 'ஃபுல் பிளேட்', 'ஹாஃப் பிளேட்' என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை, உங்கள் தாத்தா கேட்டிருப்பார். ஃபுல் பிளேட் என்றால் 6½×8½ அங்குலம், பிரான்சில் டாகர் என்பவர் தகட்டில் படம் எடுத்த காலத்து அளவு. அப்புறம் தாள் தாளாக ஃபிலிம் வந்தபோது 4×5, 8×10 என்று அளவுகள் நிலைத்தன. நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் பிரின்ட், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சம் காட்டி எடுப்பது. அந்தக் கட்டைச் செவ்வகம் 5:4. நம் ஊர்ச் சுவர்களில் தொங்குகிற 12×15, 16×20 எல்லாம் அந்தக் குடும்பம். 10×12 கொஞ்சம் இன்னும் கட்டை, 6:5. ஒரு முகமோ, தம்பதியோ, உட்கார்ந்து நிற்கிற குடும்பமோ, அந்த வடிவத்தில் அழகாகப் பொருந்தும். அதனால்தான் ஃப்ரேம் கடைகளில் இன்றும் அந்தச் சட்டங்கள் அடுக்கி இருக்கின்றன.

உங்கள் கேமராவின் 3:2 அந்த வழியில் வந்ததில்லை, அது சினிமாவின் பிள்ளை. சினிமா ஃபிலிம் 35 மில்லிமீட்டர் அகலம், இரண்டு ஓரமும் ஓட்டை. அதில் ஒரு கட்டம் 18×24 மில்லிமீட்டர். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், இந்த ஃபிலிமைப் போட்டோ எடுக்கப் பயன்படுத்தும் சின்னக் கேமரா ஒன்றைச் செய்தார். சினிமாக் கட்டம் போட்டோவுக்குச் சிறியது என்று ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு கட்ட இடத்தை ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்டார். 18ஐ இரட்டித்தால் 36, ஆக 24×36. அந்தக் கேமராதான் 1925ல் விற்பனைக்கு வந்த லைக்கா. அதைப் பார்த்து எல்லோரும் அதே அளவில் செய்தார்கள். ஃபிலிம் போய் சென்சார் வந்தபோதும் கேனான், நிக்கான் எல்லாம் அந்த 3:2 வடிவத்தை விடவில்லை. மேக்ஸி சைஸ் என்று நாம் சொல்லும் 4×6 பிரின்ட் இந்தக் குடும்பத்துக்குத் தோதாக அமைந்தது. 8×12, 12×18, 20×30 எல்லாமே அப்படித்தான். ஆகக் கேமரா ஒரு குடும்பம், சட்டம் இன்னொரு குடும்பம். நடுவில் மாட்டிக்கொண்டது உங்கள் பெரியத்தை.

இனி என் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். முதலாளியிடம் இரட்டைக் கண் யாஷிகா கேமரா. கழுத்தில் மாட்டி, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். 120 என்கிற ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு சதுரப் படம் விழும். சதுரத்தை அப்படியே யாரும் சட்டம் போட மாட்டார்கள். 10×12க்கோ 12×15க்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்காக அவர் குனிந்து பார்க்கிற தேய்த்த கண்ணாடியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். "கோட்டுக்குள்ள நிக்கிறவன்தான் கல்யாணத்துக்கு வந்தவன். வெளியில நிக்கிறவன் சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போறவன்" என்பார்.

பிறகு அவர் ஒரு பழைய 35 எம்எம் கேமரா வாங்கினார். ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம், ஒன்றுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். புதுக் கேமராவில் கோடு இல்லை. வ்யூஃபைண்டரில் தெரிவதெல்லாம் படம் என்று நம்பி, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆட்களை நிரப்பினேன். மேக்ஸி பிரின்ட் வந்தது, எல்லோரும் இருந்தார்கள், பெருமையாக இருந்தது. அப்புறம் பெண் வீட்டார் அந்தக் குரூப்பை 10×12ல் பெரிதாக்கிக் கேட்டார்கள். 3:2 படம் முழுதாக வர 10×15 வேண்டும். 12ல் அடக்கினால் மூன்று அங்குலம் போகும், ஐந்தில் ஒரு பங்கு. போன பங்கில் மாப்பிள்ளையின் தாத்தா இருந்தார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. டார்க் ரூமுக்குள் போய், அதே 10×12 பேப்பரில் படத்தை 8×12 அளவுக்குச் சுருக்கி, மேலும் கீழும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு இன்னொன்று போட்டார். அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "இப்ப மெட்ராஸ்ல இதுதான் ஸ்டைல்" என்றார். அவர்கள் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். வீணான பேப்பரின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. உங்களுக்கு நான் மேலே சொன்ன 10×15 வைத்தியம் அன்று கற்றதுதான்.

மெகாபிக்சல் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், காசைச் சேமியுங்கள். உங்கள் 6000×4000 படத்தை 5:4க்கு வெட்டினால் 5000×4000 மிஞ்சும். அதை 15 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 333 பிக்சல். 300 இருந்தாலே கையில் பிடித்துப் பார்க்கிற பிரின்டுக்கு ஏராளம், சுவரில் மாட்டிப் பார்க்க 200கூடப் போதும். இரண்டு மடங்கு மெகாபிக்சல் உள்ள கேமரா வாங்கினாலும் சென்சார் அதே 3:2 என்றால், பெரியத்தை அதே இடத்தில்தான் வெட்டுப்படுவார், இன்னும் துல்லியமாக.

இதில் ஒரு வேடிக்கை. அன்று நீங்கள் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் போனில் எடுத்திருந்தால் பெரியத்தை அனேகமாகத் தப்பியிருப்பார். போன்களின் சென்சார் பொதுவாக 4:3. அதை முழுதாகப் போட 12×16 வேண்டும். 12×15ல் ஓரத்துக்கு அரை அங்குலம்தான் போகும். ஆனால் அதே போன் படத்தை 4×6 போட்டுப் பாருங்கள், வெட்டு திசை மாறிவிடும். இந்த முறை பக்கவாட்டில் ஒன்றும் போகாது, மேலும் கீழும் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கு போகும். பின்வரிசை உயரமான ஆளின் தலையோ, கோபுரக் கலசமோ, கீழே உட்கார்ந்த குழந்தைகளின் பாதமோ. கேமராவில் எடுத்து 12×15 போட்டால் ஓரத்து ஆட்கள், போனில் எடுத்து 4×6 போட்டால் தலையும் காலும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எங்கே இடம் விட வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

போனில் இன்னொரு பொறி இருக்கிறது. கேமரா ஆப்பில் 4:3, 16:9, 'ஃபுல்' என்று காட்டும். 'ஃபுல்' என்றதும் முழுப் படம் என்று நினைத்து அதைத்தான் நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். அது திரை முழுக்க நிரம்பும் என்கிற ஃபுல்தான், படம் முழுக்க வரும் என்கிற ஃபுல் இல்லை. சென்சாருக்கு முழுசு 4:3தான். 12 மெகாபிக்சல் போன் 4:3ல் 4000×3000 எடுக்கும் என்று வையுங்கள். திரையின் வடிவம் 20:9 என்றால் 'ஃபுல்'லில் 4000×1800தான் மிஞ்சும், பத்தில் நான்கு பங்கு அங்கேயே போயிற்று. அந்த நீள வால் படத்தைக் கொண்டுபோய் 8×10 கேட்டால் 2250×1800 ஆகச் சுருங்கும். 12 மெகாபிக்சலில் கைக்கு வந்தது 4. ஆகவே போனில் எப்போதும் 4:3. ஸ்டேட்டஸுக்கு நீளமாக வேண்டும் என்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

இதே காரணத்துக்காக உங்கள் டிஎஸ்எல்ஆரையும் 3:2லேயே வையுங்கள். சில கேமராக்களில் லைவ் வ்யூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது, 4:3, 1:1 என்று மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. சென்சார் பார்த்ததை அப்படியே சேமிக்கிற ரா ஃபைலில் எடுத்தால் முழுப் படமும் உள்ளே பத்திரமாக இருக்கும், ஜேபெக்கில் எடுத்தால் ஓரத்தை எறிந்துவிடும். இரவல் கேமராவில் எது எப்படி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிடத் தொடாமல் விடுவது நல்லது.

வளைகாப்புக்கு வருவோம். முதலில் அக்காவிடமும் அம்மாவிடமும் கேளுங்கள்: சுவரில் மாட்டப் போவது எது, என்ன அளவு? ஆல்பம் போடப் போகிறீர்களா? நாம் பெரும்பாலும் இதை எடுத்து முடித்த பிறகுதான் கேட்கிறோம்.

குரூப்புக்கு என் கணக்கு: பின்வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விடுங்கள். எட்டு ஒன்பது பேர் நிற்கிற வரிசைக்கு, 12×15 வெட்டு அந்தக் காலி இடத்தோடு நின்றுவிடும். 10×12 என்றால் அதற்கு மேல் ஓர் அரை அடி பின்னால் போங்கள். வரிசை பதினைந்து பேருக்கு நீண்டால் இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் ஓர் ஆள் இடம் என்பதே சிறுத்துவிடும். கண்ணால் அளக்க இன்னொரு வழி சொல்கிறேன். கேமராத் திரையில் மூன்றுக்கு மூன்று கட்டக் கோடு வரும்படி வைத்துக்கொள்ளலாம். இடது ஓரக் கட்டத்தை மனதுக்குள் நாலாகப் பிரியுங்கள். அதில் ஓரத்துக் கால் பங்கு, அதுதான் 12×15ல் போகப்போகிற இடம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என் முதலாளியின் பென்சில் கோடு அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே முகம் இருக்கக்கூடாது, புடவைத் தலைப்பு போனால் போகட்டும்.

இடம் பற்றாமல் ஜூமை முழுக்க விரித்து எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் அகண்டு தெரிவார்கள். பெரியத்தை மறுபடி ஓரத்தில் நின்றால் இந்த முறை வேறு காரணத்துக்காகப் பேச மாட்டார். பின்னால் நடக்க இடமிருந்தால் நடங்கள்.

இதைவிடச் சிறந்தது, கூட்டத்தையே பேப்பர் வடிவத்துக்கு அடுக்குவது. பழைய குடும்பப் படங்களைக் கவனித்துப் பாருங்கள். தரையில் ஜமுக்காளத்தில் குழந்தைகள், நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் இளவட்டங்கள். அது மரியாதைக்காக மட்டும் செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். நான்கு வரிசையில் ஆட்களை ஏற்றினால் கூட்டத்தின் அகலம் குறைந்து உயரம் கூடும், கட்டைச் செவ்வகத்துக்குள் அப்படியே உட்காரும். இன்று எல்லோரையும் ஒரே கோட்டில், ரயில் பெட்டி மாதிரி நிறுத்தி எடுக்கிறோம். இருபது பேரை ஒரே கோட்டில் நிறுத்தி 12×15 போட்டால், வெட்டாமல் எடுத்தாலும் முகங்கள் கொத்தமல்லி விதை அளவுக்குத்தான் இருக்கும். மண்டபத்தில் இரண்டு பெஞ்சு கேட்டு வாங்கி வையுங்கள்.

அக்காவைத் தனியாக, நெட்டாக எடுக்கும்போது வெட்டு மேலேயும் கீழேயும் விழும். 8×12க்குச் சரியாக இருக்கிற படம் 8×10 ஆகும்போது இரண்டு அங்குலம் போக வேண்டும். தலையில் சூடிய பூவா, பாதத்து நலங்கா என்று லேபில் யாரோ ஒருவர் முடிவு செய்வார். அந்த முடிவை நீங்களே செய்யும்படி மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். கை நிறைய வளையலும் சந்தனமுமாக ஒரு குளோசப் கட்டாயம் எடுங்கள். அதற்கு எந்த வடிவமும் பொருந்தும், சதுரமாக வெட்டினால் இன்னும் அழகு. பன்னீர்ச் சொம்பும் தட்டுகளும் நீளமாகப் பரப்பி இருக்கும் சீர்வரிசையை அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் நம் ஊரில் அதிகம் ஓடுவது 12×36, விரித்தால் 3:1. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் 12×18, உங்கள் கேமரா வடிவமே. விரித்த பக்கத்துக்கு ஒரே படம் போடுவதென்றால் உயரத்தில் பாதி போய்விடும், அதோடு நடு மடிப்பு வேறு. அக்காவின் மூக்கு அந்த மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். முடிந்தால் நீங்களே 12×15 வடிவத்துக்கு வெட்டி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பார்டர் இல்லாத பிரின்டில் மெஷின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தானாகவே தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெட்டத் தெரியவில்லை என்றால் கவுன்டரில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, ஃபுல்லா வரணும், யாரும் கட் ஆகக்கூடாது, வெள்ளை பார்டர் வந்தாலும் பரவாயில்லை." ஆர்டர் கவரின் மேலேயும் எழுதச் சொல்லுங்கள். கவுன்டரில் நிற்பவர் வேறு, உள்ளே பிரின்ட் போடுபவர் வேறு.

சதாபிஷேகப் படத்தை மறுபடி போடக் கொடுக்கும் அன்றே, அதே ஃபைலில் 4×6 ஒன்று சேர்த்துப் போட்டுவிடுங்கள். 4×6ம் 3:2 தான், ஓரம் முழுக்க வரும். பெரிய படம் சட்டத்துக்குப் போய் வர நாலு நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் அந்தச் சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு நேரே பெரியத்தை வீட்டுக்குப் போங்கள். காலண்டர் தாள் கணக்கெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம், அது அப்பாவுக்கு.